அகலம் போதாத வண்டிகள்

அமெரிக்க கார்களைப் பற்றி எனக்கு ஏராளமான அபிப்பிராயங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றையாவது ஓட்டியிருக்கிறாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். நான் ஓட்டியது ஜீப். கொல்லிமலையின் மேலே குண்டூர் நாட்டுக் கிராமங்களுக்கும் செம்மேட்டுக்கும் சோளக்காட்டுச் சந்தைக்கும் ஆளையும் மூட்டையையும் ஏற்றிப் போய்வந்த பழைய டீசல் ஜீப்.

எங்கள் வீடு மலையடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கம். அப்பா கிணற்றுத் தண்ணீரில் மஞ்சளும், குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியும் வைத்தார். நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு ஜீப் வாங்கி மலையில் ஓட்டத் தொடங்கினேன். என்னைவிட நான்கு வயது இளையவளான என் தங்கை கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தாள். அவள் வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். பிறகு மேல்படிப்புக்கு அமெரிக்கா போனவள் அங்கேயே ஒரு கார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெரிய கம்பெனி என்று தெரிந்தால் போதும். புது வண்டிகளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் அவளுக்கு வேலை.

சிறு வயதிலிருந்தே இரண்டு பேருக்கும் வண்டிப் பைத்தியம். ரோட்டில் போகிற லாரியின் சத்தத்தை வைத்து எந்த கியரில் போகிறது என்று சொல்லும் போட்டி எங்களுக்குள் நடக்கும். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள்.

தொண்ணூற்றேழு வாக்கில் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. காவிரிக் கரையில் இருந்த ஒரு காகித ஆலைக்கு வெளிநாட்டுக் கழிவுக் காகிதம் பொதி பொதியாக வந்து இறங்கும். அதில் அமெரிக்க கார் பத்திரிகைகளும் கலந்திருக்கும். அவற்றில் கொஞ்சம் எப்படியோ வெளியேறி நாமக்கல் பழைய பேப்பர் கடைகளுக்கு வரும். நான் கட்டாக வாங்கி வந்து, டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். புரியாததைத் தங்கைக்குக் கடிதமாக எழுதிக் கேட்பேன். அவளும் சலிக்காமல் பதில் எழுதுவாள்.

அமெரிக்க செடான்மீது எனக்கு மரியாதை உண்டு. நீளமான கார். முன்னால் மூன்று பேர் உட்காரலாம். பின்னால் டிக்கியில் எங்கள் வீட்டு மஞ்சள் மூட்டை ஆறை அடுக்கலாம். ஆறு சிலிண்டர் எஞ்சின் அவசரப்படாமல் சுற்றும். பள்ளத்தில் இறங்கினால் உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியாது. ஆனால் ஸ்டியரிங் பிடித்திருப்பவனுக்கும் ஒன்றும் தெரியாது என்பதுதான் பத்திரிகைக்காரர்களின் குறை. எனக்கு அது குறையாகப் படவில்லை. ஒரே நேராக நாள் முழுக்கப் போகிற ரோட்டுக்கு அப்படித்தானே கார் செய்வார்கள்? எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற ஊரிலிருந்து பார்த்துக்கொண்டு அதைப் பழிப்பது நியாயமில்லை.

அந்தச் சமயத்தில் அமெரிக்கக் கம்பெனிகளின் செடான் நம் நாட்டிலும் வரத் தொடங்கியிருந்தது. செம்மேட்டுக்கு விருந்தினராக வந்த ஒருவரின் கார் வளைவு ஒன்றில் அடிவயிறு தட்டி நின்றது. நான்தான் கல்லை வைத்துத் தூக்கி எடுத்துக் கொடுத்தேன். எடுக்கும்போது படுத்துக்கொண்டு அடியில் எல்லாவற்றையும் பார்த்தேன். காரின் சொந்தக்காரர் என்னங்க இவ்வளவு நேரம் என்று கேட்டார். எனக்கு எழுந்துவர மனமில்லை.

எஸ்.யு.வி. என்ற சொல்லும் அந்தப் பத்திரிகைகளில்தான் எனக்கு அறிமுகம். உயரமான சக்கரம், சதுரமான உடம்பு, மேலே கேரியர். என் ஜீப் அமெரிக்காவுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்ததுபோல இருந்தது. நான் தங்கைக்கு ஆறு பக்கம் எழுதினேன். செடான்களின் காலம் முடிந்தது என்றும், மலைக்காரனுக்கு எப்போதோ தெரிந்தது உங்கள் ஊர்க்காரனுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது என்றும், அப்படிப்பட்ட வண்டிகளைச் சோதிக்கும் வேலை உனக்குக் கிடைத்தது நம் குடும்பத்துக்கே பெருமை என்றும் எழுதினேன். அவளிடமிருந்து வந்த பதிலில் உடம்பு நலம், பனி, அவள் கணவரின் வேலை எல்லாம் இருந்தது. எஸ்.யு.வி. பற்றி ஒரு வரியும் இல்லை.

இரண்டாயிரம் பிறப்பதற்கு முந்திய வருடம் பொங்கலுக்கு அவள் தனியாக வந்தாள். வந்த மூன்றாம் நாள், மலைக்கு வருகிறேன் என்றாள். சந்தை நாள். காலையில் குண்டூர் நாட்டுக் கிராமங்களிலிருந்து வாழைத்தாரும் ஆட்களுமாக ஏற்றிக்கொண்டு சோளக்காட்டில் இறக்கினோம். முன் சீட்டில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் இறங்கிய பிறகு அவளும் இறங்கி, வண்டிக்குப் பின்னால் போய் நின்று பார்த்தாள். பிறகு குனிந்து, இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையிலான அகலத்தைக் கையால் சாண் போட்டு அளந்தாள். எழுந்து, தரையிலிருந்து கேரியர்வரை அதே சாணால் அளந்தாள்.

"மேல எத்தன பேருங்ணா ஏத்துவீங்க?"

"இன்னிக்கு ஏழு பேரு. மூட்டை கம்மின்னா பத்துப் பேருகூட உக்காருவாங்க."

"அந்தக் கேரியரைக் கழட்டிருங்ணா."

நான் சிரித்தேன். நாமக்கல் பாடி பட்டறையில் நானே கூட நின்று வெல்டு வைக்கச் சொன்ன கேரியர் அது. அவள் சிரிக்கவில்லை. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, கடிதத்தில் எழுதாததை அன்று சொன்னாள்.

அவர்கள் கம்பெனியில் பெரிய மைதானம் ஒன்று உண்டு. தார் போட்ட மைதானம். அதில் ஒரு டிரைவர் வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு வந்து, எதிரே ஏதோ குறுக்கே வந்துவிட்டதுபோல இடது பக்கம் ஒடித்து, உடனே வலது பக்கம் திருப்புவார். வண்டி கவிழ்ந்தாலும் தாங்கிக்கொள்ள இரண்டு பக்கமும் இரும்புக் கை கட்டியிருப்பார்கள். செடானில் அந்தக் கைகளுக்கு வேலையே இருக்காது. அவள் சோதித்த எஸ்.யு.வி.யில் ஒரு பக்கத்து இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழுந்து, இரும்புக் கை தரையில் ஊன்றி நின்றது. ஒருமுறை அல்ல.

"வண்டி உசரத்துக்கு அகலம் பத்தலைங்ணா. ரெண்டு இஞ்ச் அகலப்படுத்தணும், கொஞ்சம் இறக்கணும்னு ரிப்போர்ட் எழுதினேன்."

"அப்பறம்?"

"அடுத்த மாடல்ல பாத்துக்கலாம்னுட்டாங்க. அகலப்படுத்துனா அடிச்சட்டத்தையே மாத்தணும். அது லாரிக்குன்னு போட்ட பழைய சட்டம். அத வெச்சு மேல சோபா, ஏ.சி., பாட்டுப் பொட்டி எல்லாம் வெச்சு விக்கறாங்க. அங்க கவர்மெண்ட் சட்டத்துல அது கார் கணக்குலயே வராது, லாரி கணக்கு. பெட்ரோல் எவ்வளவு குடிச்சாலும் அவ்வளவா கேக்க மாட்டாங்க. லாபம் பூரா அதுலதான். செடான் பிரிவுல இருந்த நல்ல ஆளுங்களையெல்லாம் இந்தப் பக்கம் இழுத்துட்டாங்க. அங்க இப்ப ஒப்புக்குத்தான் வேலை நடக்குது."

"நீ என்ன சொன்ன அம்மிணி?"

"இப்படியே விக்கலாம்னு கையெழுத்துப் போட்டேங்ணா" என்றாள். "எல்லாரும் போட்டாங்க. நானும் போட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் கையெழுத்துப் போட்டதற்காக அல்ல. நான் ஆசைப்பட்ட வண்டியையும் நான் ஓட்டுகிற வண்டியையும் ஒரே மூச்சில் குறை சொல்லிவிட்டாளே என்றுதான். ஊசி வளைவில் நான் மனிதன் நடக்கிற வேகத்தில்தான் போகிறேன், இத்தனை வருடத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்றேன்.

"வளைவுல கவுறாதுங்ணா. அங்கதான் நீங்க பயந்து ஓட்டுவீங்களே. நேர் ரோட்டுல கவுறும். ஏதாச்சும் குறுக்க வந்து, ஒடிச்சுத் திருப்பறப்ப."

அடுத்த வாரம் அவள் அமெரிக்கா போனாள். நான் கேரியரைக் கழற்றவில்லை. கழற்றினால் பாதிப் பேர் நடந்துதான் சந்தைக்கு வர வேண்டும். அவர்கள் கிராமத்துக்கு அப்போது பஸ் கிடையாது. இந்தக் காரணத்தை நான் எனக்குப் பலமுறை சொல்லிக்கொண்டேன். பொய்யான காரணமும் இல்லை அது.

என் ஜீப்பில் வாடிக்கையாக வருபவர்களில் ஒருவர் குண்டூர் நாட்டு விவசாயி. ஏறத்தாழ என் வயது. சாமையும் குச்சிக்கிழங்கும் போடுவார். நிழல் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருந்தார். முன் சீட்டு காலியாக இருந்தால் வந்து உட்கார்ந்து என் பத்திரிகைகளைப் புரட்டுவார். படிக்க வராது. படங்களைப் பார்த்துக் கேள்வி கேட்பார்.

"ஏனுங்க, அந்த ஊருல ரோடு வளையவே வளையாதுங்களா?"

"நாள் பூரா நேரா போகுமாமுங்க."

"அப்பறம் டிரைவரு எதுக்குங்க?"

எனக்குத் தெரிந்து அமெரிக்க கார்களைப் பற்றி அதைவிட நல்ல விமரிசனத்தை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. சிவப்பு எஸ்.யு.வி. ஒன்றின் படத்தை அவர் ஒருநாள் கேட்டு வாங்கிக் கிழித்துக்கொண்டு போனார்.

தங்கை வந்துபோய் இரண்டு வருடம் கழித்து, ஒரு தை மாதம். மிளகு பறித்துக் காயவைத்து மூட்டை கட்டியிருந்த நேரம். காலையில் ஊரிலிருந்து கிளம்பும்போது, யாரும் எதிர்பாராத தூறல். மூட்டை அதிகமான நாளில் மூட்டைகளை மேலே போட்டுக் கட்டிவிட்டு ஆட்களை உள்ளே உட்கார வைப்பேன். அன்று என்னிடம் தார்ப்பாய் இல்லை.

அந்தக் குண்டூர் நாட்டு விவசாயிதான் சொன்னார். "மிளகு நனஞ்சா பூஞ்சை புடிச்சுருமுங்க. மூட்டைய உள்ள போட்டுருங்க. நாங்க மேல உக்காந்துக்கறோம். தூறல்தானுங்க, தொடச்சுக்கலாம்."

மற்றவர்களும் சரி என்றார்கள். நானும் சரி என்றேன். உள்ளே மூட்டைகள் அடுக்கி, பெண்கள் மூன்று பேரை மட்டும் முன்னால் உட்கார வைத்தேன். மேலே ஆண்கள் ஆறு பேர். எல்லோரும் தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள்.

செம்மேட்டுக்கு முன்னால் ஒரு நல்ல ரோடு. இரண்டு பக்கமும் காப்பிச் செடி. வளைவு இல்லை, இறக்கமும் இல்லை. நான் வேகமாகப் போகவில்லை. இதை நான் என் தரப்பு நியாயமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். காப்பிச் செடிக்குள்ளிருந்து கன்றுக்குட்டி ஒன்று துள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. வலது பக்கம் ஒடித்தேன். கன்று தப்பியது. வண்டி ரோட்டை விட்டு இறங்கப் பார்த்தது. இடது பக்கம் திருப்பினேன்.

அந்த நொடியில் ஸ்டியரிங் என் கையில் லேசாகிப் போனது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் படித்திருந்தேன். சக்கரம் தரையில் இல்லை. வண்டி வேகமாகக் கவிழவில்லை, மாடு படுப்பதுபோல மெல்லச் சாய்ந்து படுத்தது. மேலே இருந்தவர்களில் ஐந்து பேர் காப்பிச் செடிமேல் போய் விழுந்தார்கள். ஒருவருக்குக் கை முறிந்தது. அந்த விவசாயி மட்டும் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். கம்பி அவர்மேல் விழுந்தது.

எல்லோரும் சேர்ந்து வண்டியைத் தூக்கினோம். அந்த வழியாக வந்த வேறொரு வண்டியில் ஏற்றி, அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போய்ச் சேருவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. கடைசிவரை அவருக்கு நினைவு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கண் திறந்திருந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்கு அவர் ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். எனக்கு எதிராகப் பேச வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். எனக்காகப் பேச வந்திருந்தார்கள். கன்று குறுக்கே வந்தது, டிரைவர் மெதுவாகத்தான் வந்தார், அவர்மேல் தப்பு இல்லை என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கை முறிந்தவர்கூடக் கட்டோடு வந்து அதையே சொன்னார். கேஸ் நாமக்கல் கோர்ட்டுக்குப் போனது. வக்கீலும் கன்றைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்றார்.

நீதிபதி கேட்டபோது நான் கன்றைப் பற்றிச் சொல்லவில்லை. வண்டி இருக்கிற அகலத்துக்குக் கேரியரில் ஆறு பேரை ஏற்றினால் கவிழும் என்று எனக்கு முன்பே தெரியும் என்றும், தெரிந்த ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தார் என்றும் சொன்னேன். வக்கீல் ஃபைலை மூடி வைத்துவிட்டார். தண்டனையாக அபராதம் போட்டார்கள். லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். தண்டனை குறைவு என்று எனக்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

கேஸ் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே, பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் அந்தச் சிவப்பு வண்டியின் படம் சோற்றுப்பசை வைத்து ஒட்டியிருந்தது. அவருடைய மனைவி வாசலில் நின்றாள். என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"உள்ள எடம் இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"மூட்டை இருந்துச்சுங்க."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அந்த மூட்டைகளில் இரண்டு அவர்கள் வீட்டு மிளகு. அவளே வெயிலில் துழாவிக் காயவைத்தது. நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

தங்கைக்கு எழுதப் பல நாள் ஆனது; தீர்ப்பு வந்த பிறகுதான் எழுதினேன். எழுதி அனுப்பி மூன்று வாரம் கழித்து, எங்கள் பக்கத்து வீட்டுப் போனில் அழைத்தாள். முதலில் அழுதாள். பிறகு கேட்டாள்.

"கோர்ட்டுல என்ன சொன்னீங்ணா?"

"தெரிஞ்சேதான் ஏத்துனேன்னு சொன்னேன்."

"யாரு சொல்லச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல அம்மிணி."

"சரிங்ணா, உடம்பப் பாத்துக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்கு அடுத்த வருடம் அமெரிக்காவில் ஒரு குடும்பம் அவளுடைய கம்பெனிமேல் வழக்குப் போட்டிருந்தது. அவள் சோதித்த அதே எஸ்.யு.வி. நேர் ரோட்டில் புரண்டு, ஒரு தாயும் மகளும் இறந்துபோனார்கள். கம்பெனியில் வேலை செய்கிறவர்களை வக்கீல்கள் வரிசையாகக் கூப்பிட்டு, சத்தியம் வாங்கிக்கொண்டு விசாரித்தார்கள். ஞாபகம் இல்லை என்று சொன்னால் யாரும் எதுவும் செய்ய முடியாது. நிறையப் பேர் அப்படித்தான் சொன்னார்களாம். என் தங்கை தன் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னாள். இரண்டு இஞ்ச் என்று எழுதியதையும், கையெழுத்துப் போட்டதையும் சொன்னாள்.

அதனால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. வழக்கு கோர்ட்டுக்கு வெளியிலேயே முடிந்தது. அந்தக் குடும்பத்தோடு கம்பெனி ஏதோ ஒப்பந்தம் செய்துகொண்டது. அவள் சொன்னது காகிதத்தோடு சீல் வைத்து உள்ளே போனது. பத்திரிகையில் வரவில்லை. நான் தேடித்தேடிப் பார்த்தேன். அடுத்த மாடல் வந்தபோது அது பழையதைவிட அகலமாக இருந்தது. அவள் சொன்னதால் அகலமானதா, எப்படியும் ஆகியிருக்குமா என்று அவளுக்கே தெரியாது. இரண்டு வருடம் கழித்து ஆட்குறைப்பு வந்தது. அவள் பெயரும் பட்டியலில் இருந்தது. காரணம் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்ததும் நான் முதலில் செய்தது, கேரியரை அறுத்து எடுத்தது. மூட்டைக்கு ஒரு நடை, ஆளுக்கு ஒரு நடை என்று ஓட்டினேன். நேரம் இரண்டு மடங்கு ஆனது. பலர் வேறு ஜீப்புகளுக்குப் போய்விட்டார்கள். இறந்தவருடைய மனைவியும் அந்த ஜீப்புகளில்தான் போனாள். சில நாள் எதிரே வரும் வண்டியில் பார்ப்பேன். அவள் உள்ளே உட்கார்ந்திருப்பாள். மேலே ஆட்கள் இருப்பார்கள். கையைக் காட்டி வண்டியை நிறுத்திச் சொல்லலாமா என்று தோன்றும். ஒருமுறை நிறுத்தியும் சொன்னேன். "உங்களுக்கு ஆனது எல்லாருக்கும் ஆகணுமுங்களா?" என்று கேட்டுவிட்டு அந்த டிரைவர் போய்விட்டார். அவர் கேட்டதில் தவறு இல்லை. அவரும் வேகமாக ஓட்டுகிறவர் இல்லை.

பிறகு அந்தக் கிராமங்களுக்கு மினி பஸ் வந்தது. ஜீப்பை விற்றுவிட்டு அமெரிக்கக் கம்பெனி ஒன்று இங்கே செய்த பழைய செடான் ஒன்றை வாங்கி, அடிவாரத்தில் வாடகைக்கு ஓட்டினேன். இத்தனை நாள் படத்தில் பார்த்ததை ஓட்டிப் பார்த்தபோது என் அபிப்பிராயங்கள் பல மாறிப்போயின. பெட்ரோல் அதிகம் குடித்தது. உதிரிபாகத்துக்கு சேலத்தில் தவம் கிடக்க வேண்டும். வளைவில் முன்சக்கரம் தயங்கும். ஆனால் கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி சாத்துகிற கனத்த சத்தம். தரையோடு ஒட்டிக் கிடக்கும். ஒருமுறை நாமக்கல் ரோட்டில் நாய் குறுக்கே வந்து ஒடித்துத் திருப்பினேன். வண்டி கொஞ்சம் சறுக்கி, தானே நிமிர்ந்து போனது. ஓரமாக நிறுத்திவிட்டு அரைமணி நேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் அமெரிக்கக் கம்பெனிகள் ஆட்டம் கண்டன. பெட்ரோல் விலை ஏறி, எஸ்.யு.வி.களை வாங்க ஆள் இல்லை. நல்ல செடான் செய்து தாருங்கள் என்று மக்கள் கேட்டபோது, அதைச் செய்யத் தெரிந்தவர்களை எப்போதோ வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பெரிய பெரிய கம்பெனிகள் அரசாங்கத்திடம் போய்க் கை நீட்டின. வெளிநாட்டு கார்கள்தான் அவர்களைக் கெடுத்தன என்று ஒரு கட்சி உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. சுலபமான லாபம் இருக்கிற பக்கம் எல்லா மூட்டையையும் ஏற்றினார்கள் என்பதுதான் என் எண்ணம். அந்த நேரத்தில் எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம் இருந்தது. அது தங்கையின் ஒரு கடிதத்தோடு போய்விட்டது. இரும்புக் கை கட்டிய வண்டிகளை அவளுக்காக ஓட்டிக் காட்டிய டிரைவருக்கு வேலை போய்விட்டதாம். முப்பது வருடம் வேலை செய்தவர். இப்போது ஒரு பெரிய கடையில் தள்ளுவண்டிகளைச் சேர்த்து வரிசையாக விடுகிறார் என்று எழுதியிருந்தாள். விற்கலாம் என்று கையெழுத்துப் போடச் சொன்னவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எழுபது வளைவுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் எனக்கு அது புரிந்தது.

மறு வருடம் அவள் வந்தாள். ஒரு கல்லூரியில் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. வந்ததும், இறந்துபோனவரின் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். நான் வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை.

செடானில் மலை ஏறினோம். குண்டூர் நாட்டு ரோடு அப்போது ஓரளவு தார் போட்டிருந்தது. அவருடைய மனைவி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என் முகம் மாறியிருந்தது, ஆனால் அவளுக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொல்லிக் குச்சிக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்தாள். என் தங்கையைப் பார்த்து, "நீங்க காரு செய்யற ஆபீசுல இருக்கறீங்களாமே" என்றாள்.

"இப்ப இல்லீங்க."

"ஏனுங்க?"

தங்கை என்னைப் பார்த்தாள். "அங்கயும் வண்டி கவுந்து ஆளுங்க செத்தாங்க. எனக்கு முன்னாடியே தெரியும். லேட்டாத்தான் சொன்னேன்" என்றாள்.

அந்த அம்மாள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "சொன்னீங்களே" என்று மட்டும் சொன்னாள்.

கிளம்பும்போது அவளும் புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். செம்மேட்டில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மினி பஸ் போய்விட்டது, அதுவரை வரலாமா என்று தங்கையிடம் கேட்டாள். பின் சீட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஜீப் கவிழ்ந்த இடம் வந்தபோது காப்பிச் செடிகள் அப்படியே இருந்தன. கண்ணாடியில் பார்த்தேன். அவள் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தங்கையின் கை அவள் முழங்கைமேல் இருந்தது.

செம்மேட்டில் இறங்கியதும் என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள்.

"மெதுவாத்தான் ஓட்டறீங்க" என்றாள். "அன்னிக்கும் மெதுவாத்தான் வந்திருப்பீங்க."

அன்றைக்கு வேகம் காரணம் இல்லை என்பதை அவளுக்கு நான் சொல்லவில்லை. "ஆமாங்க" என்றேன். அவள் மஞ்சள் பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். திரும்பப் போக வண்டி இருக்குமா என்று தங்கை கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. காரை ஓரமாக நிறுத்திவிட்டு, அவள் வெளியே வரும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.